படத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நான் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா பெர்னடெட் ஹ்ருஸ்கா (எல்லாருக்கும் பெர்னி), கண்ணில் கேமராவை வைத்தபடி ஒரு பெரியவரிடம் சொன்னார்: "சார், படத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

அவர் தள்ளிக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் எழுத நினைத்தது வேறு. பழைய கார்களைப் பற்றித்தான், ஆனால் பெரிய அளவில். அதன் தொடக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன:

மூடுபனியைப் பிளந்துகொண்டு, ஓட்டுபவர் இல்லாத ஒரு பழைய கார் ஊருக்குள்—

(நிறுத்தினேன். ஜூன் மாதத்தில், மாலை ஆறு மணிக்கு எங்கள் ஒஹாயோவில் மூடுபனி ஏது? வெயில் கழுத்தைச் சுடும். தவிர, ஓட்டுபவர் இல்லாத காரை எங்கள் ஊர்ப் பழைய கார்க் கூட்டத்தின் வாசலில் நிற்கும் வெர்ன் உள்ளே விடமாட்டார். பின்னால் எடுத்து நிறுத்த ஆள் வேண்டாமா என்பார்.)

அந்த ஊரில் மனிதர்கள் கார்களைக் கனவு கண்டார்கள், கார்களோ—

(கார்களோ என்ன? மூன்று நாள் யோசித்தேன். கார்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.)

பெர்னிக்குத் தமிழ் தெரியாது. எழுதியதை மாடியிலிருந்து இறங்கிவந்து வாயால் சொல்லிக்காட்டுவேன். முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"எந்த வருஷம்?"

"கதை நடக்கறதா? அது வந்து, காலமில்லாத ஒரு..."

"காரு. 'பழைய கார்'னு சொன்னியே. எந்த வருஷத்துப் பழசு?"

"அது முக்கியமில்லங்க."

"அப்ப எதுக்குக் காரு? மாடுன்னு எழுதிக்கோ."

2

ஆகவே பெர்னியிடமிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில், மூடிப்போன கம்பளக் கடையின் முன்னால் இருக்கும் பரந்த தார்த்தரையில் எங்கள் ஊர்க் குரூஸ் நைட் நடக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் மெதுவாக ஓட்டிவந்து, வரிசையாக நிறுத்தி, இஞ்சின் தெரிய முன்மூடியைத் திறந்துவைத்துவிட்டு, ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தங்கள் காருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஹாட் டாக் தின்றுகொண்டு சுற்றிவருவோம். எதையும் தொடக் கூடாது.

பெர்னி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு காரையும் படமெடுத்து, வருடம், கம்பெனி, மாடல் எழுதி, சனிக்கிழமை காலையில் ஊரின் இணையப் பக்கத்தில் போடுவது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை.

அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, சொந்தக்காரரிடம் வருடம் கேட்பதில்லை. பார்த்தே சொல்ல வேண்டும். மூக்கில் எழுத்துகள் இருந்தால் நாற்பத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு, கேடயச் சின்னம் இருந்தால் ஐம்பது. பெட்ரோல் ஊற்றும் வாய்க்குப் பக்கவாட்டில் தனி மூடி இருந்தால் ஐம்பத்தைந்து செவ்ரோலே, இடது பின்விளக்குக்குள் ஒளிந்திருந்தால் ஐம்பத்தாறு. கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட மழையில் நனைந்துகொண்டு குனிந்து பார்ப்பது மேல் என்பது அவர் கட்சி.

இரண்டாவது, படத்தில் ஆள் இருக்கக் கூடாது.

"ஏங்க, மனுஷங்களும் இருந்தா நல்லா இருக்குமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளு நின்னா கதவுல ஓடற குரோம் பட்டை மறைஞ்சுடும். வருஷமே அந்தப் பட்டையிலதான் இருக்கு. ஆளுகிட்ட என்ன இருக்கு?"

இதனால் ஒரு விளைவு உண்டு.* வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்கு அனேகமாகத் தெரியாது. முகமும் சந்தேகம்தான். பெர்னி மளிகைக் கடையில் ஒருவரைப் பார்த்து, "எங்கேயோ பாத்திருக்கேன்" என்று முழித்துக்கொண்டு நிற்பார். அந்த மனிதர் வெளியே போய்த் தன் மஞ்சள் காரில் ஏறியதும், "அட, அறுபத்திரண்டு ஃபால்கன்" என்று கையாட்டுவார்.

* இந்த உடுக்குறி பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு நாவல்களில் அடிக்குறிப்பு வந்தால் எனக்கு ஒரு சந்தோஷம். இங்கே சொல்ல ஒன்றுமில்லை, மேலே போகலாம்.

3

இப்போது அந்தப் பெரியவர். பெயர் டெல்மர் ஷூப். அவரைப் பற்றி நான் இங்கே எழுதுவதெல்லாம் பிற்பாடு அவரே சொன்னது.

அவரிடம் ஐம்பதாம் வருடத்து ஸ்டூடபேக்கர் சாம்பியன் ஒன்று இருந்தது. கரும்பச்சை, இரண்டு கதவு. விமானத்துக்கு இருப்பதுபோல அந்தக் காருக்கு மூக்கு உண்டு. குரோம் பூசிய பெரிய கூம்பு. போன குளிர்காலத்தில் டெல்மரின் இடது முழங்காலை எடுத்துவிட்டுப் புது முழங்கால் வைத்தார்கள். புது முழங்காலுக்கு நடக்கப் பிடித்திருந்தது, மாடி ஏறப் பிடித்திருந்தது, அந்தக் காரின் கிளட்சை மிதிக்க மட்டும் பிடிக்கவில்லை. இண்டியானாக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கார் போனால் போகட்டும், இவருக்கு என்ன குறை? ஒரு பாத்திரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றிருக்க வேண்டும். "காரை நினைத்து அவர் இரவெல்லாம்—" என்று ஒரு வாக்கியம் எழுதினேன். டெல்மரிடமே கேட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்றார். அடித்துவிட்டேன்.)

அவர் விரும்பியது கார் அல்ல, வெள்ளிக்கிழமை. மனைவி கோனியோடு மற்ற ஆறு நாளும் பேசுவதற்கான சரக்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"கராஜ்ல நாற்காலியைப் போட்டுட்டு, தரையில எண்ணெய்க் கறையைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு. கிளம்பிப் போங்க" என்றார் கோனி.

"காரில்லாம அங்க எப்படிப் போறது? எல்லாரும் அவங்கவங்க காருக்குப் பின்னாடி உக்காருவாங்க. நான் எதுக்குப் பின்னாடி உக்கார்றது?"

"போய்க் கேட்டாத்தானே தெரியும்."

"சரி. ஒரே ஒரு வெள்ளி போறேன். சேத்துக்கிட்டாங்கன்னா சரி. இல்லேன்னா அந்தப் பேச்சே எடுக்காத."

அந்த ஒரே ஒரு வெள்ளிக்கு அவர் தன் சாம்பல் நிறப் புதுக் காரில் வந்தார். வாசலில் ஆரஞ்சு மேலங்கியோடு வெர்ன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சாதா காரெல்லாம் பேங்க் பக்கம் நிறுத்துங்கண்ணே."

"வெர்ன், நான்தான்பா."

"ரொம்ப சந்தோஷம். பேங்க் பக்கம்."

பேங்க் பக்கம் நிறுத்திவிட்டு, நீலக் கோடு போட்ட நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தார். ஜாய்ஸ் என்பவரின் வெள்ளையும் ரோஸும் கலந்த ராம்ப்ளருக்குப் பக்கத்தில் அவருடைய பழைய இடம் காலியாக இருந்தது. அடுத்தவர் இடத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். காலி இடத்தின் பின்முனையில், கார் இருந்தால் எங்கே போடுவாரோ அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

ராம்ப்ளரைப் படமெடுக்க பெர்னி வந்தார். முதல் பத்தியில் சொன்னதைச் சொன்னார்.

டெல்மர் எழுந்து தள்ளி நின்றார்.

"நாற்காலியும்."

நாற்காலியையும் எடுத்தார். "நான் டெல்மர்" என்றார்.

"நல்லது டெல்மர். இன்னும் ஒரு அடி."

இன்னும் ஒரு அடி நகர்ந்தார். அங்கிருந்து அப்படியே பேங்க் பக்கம் நடந்துபோனார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையில் ஹாட் டாக், மனதில் ஓட்டுபவர் இல்லாத கார். அது கண்ணெதிரே நடந்துபோகிறது, காரில்லாத ஓட்டுபவராக, என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

4

மறுநாள் காலை பெர்னியின் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பச்சை சாம்பியன் இந்த வருஷம் வரவே இல்ல பாரு" என்றார். "அந்த ஆளு போயிட்டானோ என்னவோ."

"எங்க போயிட்டார்?"

விரலால் மேலே காட்டினார்.

பழைய சாம்பியன் படம் ஒன்றைப் போட்டு, "இந்தக் காரை யாராவது பார்த்தீர்களா? கவலையாக இருக்கிறது" என்று எழுதினார். கவலை என்பது எங்கள் ஊரில் சீக்கிரம் பரவும். மதியத்துக்குள் கீழே வந்தவை (என் மொழிபெயர்ப்பு, ஆனால் நம்பலாம்):

"போய்ட்டாரா? தங்கமான காரு."

"குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம். காரை விக்கிறாங்களா?"

"ஒரு நாளும் எண்ணெய் ஒழுகினது கிடையாது. ஆத்மா சாந்தியடையட்டும்."

மாலையில் ஒரு புதிய பெயர். டெல்மர் ஷூப். "நான்தான் அந்தக் காரோட ஆளு. உயிரோட இருக்கேன். நேத்துக்கூட வந்தேன். தள்ளச் சொன்னீங்க."

யாரும் நம்பவில்லை. செத்தவர் பெயரில் காரை அமுக்கப் பார்க்கிறான் என்று ஒருவர் எழுதினார். அசல் ஆள் என்றால் உள்கூரைத் துணி என்ன நிறம் என்று இன்னொருவர் மடக்கினார். டெல்மர் சொன்னார். அது சரி என்று சொல்லக்கூட ஒருவருக்கும் தெரியவில்லை.

என் பங்குக்கு நானும் விசாரித்தேன். கதைக்கு அவர் முகம் வேண்டியிருந்தது, பக்கத்தில் நின்றும் நான் அதைக் கவனிக்கவில்லை. ஜாய்ஸ் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அங்கே போய்க் கேட்டேன்.

"வருஷக்கணக்கா பக்கத்துல நிறுத்தறீங்களே, அவரு எப்படி இருப்பாரு?"

"பச்சை" என்றார் ஜாய்ஸ். "நல்ல கரும்பச்சை."

"ஆளு, ஜாய்ஸ்."

"ஆளா?" மாத்திரை எண்ணுவதை நிறுத்தி யோசித்தார். "நாற்காலியில நீலக் கோடு."

வெர்ன் இன்னும் உறுதியாகச் சொன்னார். "மூக்கு நல்லா நீளம்."

"அவருக்கா?"

"ஸ்டூடபேக்கருக்கு."

5

முகத்தைக் கண்டுபிடித்தது பெர்னிதான். பார்த்தே சொல்பவர் இல்லையா.

தள்ளச் சொன்னீங்க என்ற சொல் அவரை உறுத்தியிருக்க வேண்டும். பழைய சாம்பியன் படங்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். எதிலும் ஆள் இல்லை. அவருடைய சட்டம் அது. ஆனால் எல்லாப் படமும் முன்னாலிருந்து எடுத்தது, நடுவில் அந்தக் குரோம் மூக்கு. அதைப் பெரிதாக்கினார். மூக்கில் கம்பளக் கடை வளைந்து தெரிந்தது. வானம் வளைந்து தெரிந்தது. கேமராவோடு பெர்னி, சுரைக்காய் மாதிரி. அவருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு உருவம்.

அடுத்த படத்தில் அதே உருவம். அதற்கு முந்தைய கோடையிலும். தொப்பி மட்டும் வேறு.

படத்திலிருந்து தள்ளிக்கொள்ளச் சொன்னால், சாதாரணமாக எல்லாரும் பக்கவாட்டில் ஒதுங்குவார்கள். இந்த மனிதர் ஒவ்வொரு முறையும் சுற்றிவந்து பெர்னிக்குப் பக்கத்தில் நின்று, தன் கார் படத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறார். தள்ளிப்போன அத்தனை முறையும் மூக்குக்குள் விழுந்திருக்கிறார்.

(எனக்குப் பிடித்த தடித்த நாவல்களில் இந்த இடத்துக்கு நாற்பது பக்கம் கிடைக்கும். பிம்பம், பிம்பத்தின் பிம்பம், அதைப் பார்ப்பவர் யாருடைய பிம்பம். நானும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெர்னி அப்போது உண்மையில் சொன்னது, "அட, இந்தத் தொப்பைதானா அவரு". ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

பிறகு ஊர்ப் பக்கத்தில் எழுதினார்: "டெல்மர், வெள்ளிக்கிழமை வாங்க."

டெல்மர் பதில் போடவில்லை. ஒரே ஒரு வெள்ளி என்று கோனியிடம் சொன்னது முடிந்துவிட்டதே. கோனிதான் அவரிடமிருந்து கைபேசியைப் பிடுங்கி, "வருவார். இப்படிக்கு, மனைவி கோனி" என்று எழுதினார்.

6

வந்தார். நடந்தே. வாசலில் வெர்ன், "அண்ணே, சாதா காருன்னா..." என்று தொடங்கி, கார் இல்லாததைப் பார்த்துக் குழம்பி நின்றார்.

"யோவ் வெர்ன், இவர்தான் ஐம்பது சாம்பியன்" என்றபடி, நீலக் கோடு போட்ட நாற்காலியைப் பார்த்துவிட்டுப் பெர்னி ஓடிவந்தார்.

வெர்ன் டெல்மரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படித் தெரியலையே."

பெர்னிக்கும் நேரில் தெரியவில்லை என்பதுதான் சங்கடம். சட்டென்று டெல்மரின் கையைப் பிடித்து, வெர்னுடைய ஐம்பத்தாறு செவ்ரோலேயிடம் இழுத்துப்போனார். அதன் சக்கர மூடி பளபளவென்று இருந்தது. "இங்க நில்லுங்க. கையைக் கட்டுங்க." பெர்னி முட்டி போட்டு மூடிக்குள் பார்த்தார்.

"அவரேதான்" என்றார். "வெர்ன், இங்க வந்து பாரு."

வெர்ன் குனிந்தார். ஜாய்ஸ் குனிந்தார். ஃபால்கன்காரர் வந்து குனிந்தார். மூடிக்குள், தொப்பை முன்னே வர, தலை கடுகாகத் தெரிந்த உருவத்தைக் கண்டதும் எல்லார் முகமும் மலர்ந்தது.

"ஏய், சாம்பியன். எப்படிய்யா இருக்க?" என்று ஃபால்கன்காரர் சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கேன்" என்றது பின்னாலிருந்து டெல்மரின் குரல்.

"நீங்க போயிட்டீங்கன்னு அழுதேன் தெரியுமா" என்று ஜாய்ஸ் மூடியிடம் சொன்னார்.

"முட்டிதான் போச்சு. மாத்தியாச்சு."

கொஞ்ச நேரம் இப்படியே பேசினார்கள். யாருக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் டெல்மர் தன் இடத்துக்குப் போய் நாற்காலியை விரித்ததும் வெர்ன் எழுந்துவந்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலங்கி போட்டால் அப்படி ஆகிவிடுவார்.

"உங்களைப் பாத்ததுல சந்தோஷம். ஆனா இந்த வரிசை எழுபத்தஞ்சுக்கு முந்தினதுக்கு மட்டும். இன்னிக்கு ஒருத்தரைச் சும்மா உக்கார விட்டா நாளைக்கு நாலு பேரு குடையை நட்டு அடுப்பைப் பத்தவைப்பாங்க. நின்னு பாருங்க, நடந்து பாருங்க. உக்கார முடியாது."

டெல்மர் தலையாட்டினார். நாற்காலியின் ஒரு காலை மடக்கினார். இரண்டாவதையும் மடக்கியிருந்தால் அத்தோடு வெள்ளிக்கிழமை முடிந்தது. கோனியிடமும் அந்தப் பேச்சு எழாது.

"இரு வெர்ன்" என்றார் பெர்னி. "இது எந்த வருஷம்னு பாத்துடலாம்."

"எது?"

பெர்னி டெல்மரை ஒரு சுற்றுச் சுற்றினார். காதைப் பார்த்தார். காதுமடலின் நீளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைப்பின்புறத் தோலைப் பார்த்தார். பின்னால் போய்க் கழுத்தைக் குனிந்து பார்த்தார். டெல்மர் அசையாமல், முன்மூடி திறந்தது மாதிரி வாயைத் திறந்தபடி நின்றார்.

"நாற்பத்தெட்டு" என்றார் பெர்னி. "கடைசியில வெளிவந்தது. சரியா?"

"டிசம்பர்" என்றார் டெல்மர்.

"அப்ப நாற்பத்தொன்பது மாடல்" என்றார் ஜாய்ஸ். புது மாடல்கள் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே கடைக்கு வந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"எழுபத்தஞ்சுக்கு முந்தினது" என்றார் பெர்னி. "கையே மாறாதது. கோனி மட்டும்தான் வெச்சிருக்கா."

வெர்ன் தாடையைச் சொறிந்தார். "முட்டி ஒரிஜினல் இல்லையே."

"உன் காருல இஞ்சினே ஒரிஜினல் இல்ல" என்றார் ஜாய்ஸ்.

வெர்ன் தன் செவ்ரோலேயை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாசலில் யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள் என்று போய்விட்டார். யாரும் அடிக்கவில்லை.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: கிளட்சே இல்லாத பழைய கார் ஒன்றை டெல்மர் வாங்குகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை—

("எந்த வருஷம்?" என்றார் பெர்னி. அறுபத்தெட்டு என்றேன். எந்த மாடல், என்ன நிறம், எங்கே கிடைத்தது என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. டெல்மர் கேட்டுவிட்டு, "எதுக்குங்க? மறுபடியும் எவன் தொடைக்கிறது?" என்றார்.)

இரண்டாம் முடிவு, எனக்கு நெருக்கமானது: இருள் கவிய, அந்தக் காலி இடத்தில் பச்சைக் கார் ஒன்று மெல்ல மெல்லத் தோன்றுகிறது. எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைசியில் அது—

("தெருவிளக்கு வெளிச்சத்துல அந்த மாதிரி தெரியும்" என்றார் பெர்னி. "கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட.")

ஆக, நடந்ததையே எழுதுகிறேன். டெல்மர் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். முன்னால் வெறும் தார்த்தரை, ஒரு எண்ணெய்க் கறை. ஜாய்ஸ் தன் நாற்காலியை அரை அடி அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். வெயில் சாய்ந்து வரிசை முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தது. நல்ல வெளிச்சம், இன்னும் சற்று நேரத்தில் போய்விடும்.

பெர்னி காலி இடத்தின் எதிர்முனையில் போய் நின்றார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அத்தனை வருடங்களில் முதல்முறையாக, ஓர் ஆளை எடுக்க.

டெல்மர் உடனே எழுந்தார். எழுந்து, சுற்றிவந்து, பெர்னிக்குப் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க அங்க இருக்கணும்" என்றார் பெர்னி.

"ஆமா, ஆமா." திரும்பிப்போய் உட்கார்ந்தார். கேமரா மேலே போனது. அவரும் மேலே போனார்.

"டெல்மர்."

"மன்னிச்சுக்கோங்க. கேமராவைப் பாத்ததும் காலு தானா வருது."

"எந்தக் காலு?"

"ரெண்டும்."

ஜாய்ஸ் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். ஃபால்கன்காரர், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டே எழுந்துவந்தார். எல்லாரும் சிரித்தோம், டெல்மர்தான் அதிகமாக. வெளிச்சமோ போய்க்கொண்டே இருந்தது.

இங்கே நிறுத்திவிடுகிறேன். அவர் நாற்காலியில் இருக்கிறார். கேமரா மேலே போகிறது. நாற்காலியின் கைப்பிடியில் அவர் உள்ளங்கை அழுந்துகிறது. படம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். பெர்னி சொல்லியாகிவிட்டது, நாங்களெல்லாம் சொல்லியாகிவிட்டது, எங்கள் பேச்சை அவர் கால்கள் கேட்பதில்லை. உங்களை அவருக்குப் பழக்கமில்லை. ஒருவேளை நீங்கள் உட்காரச் சொன்னால் கேட்பார். இன்னும் கொஞ்சம் வெயில் இருக்கிறது. பெயர் டெல்மர். கொஞ்சம் சத்தமாக, அவருக்கு இடது காது மந்தம்.